வெட்டம்

ஹாரன் அடித்தால் விளக்கு மங்கும்.
விளக்கு எரிந்தால் வைப்பர் இழுக்காது.
தொண்ணூற்று நாலாம் வருஷத்து ஜீப்,
ஒரு நேரத்தில் ஒன்றுதான் தரும்.
நானும் ஒன்றுக்கு மேல் கேட்டதில்லை.

ராத்திரி இரண்டரைக்குக் கடையாலுமூட்டில்
ஆறு பெண்கள் ஏறுவார்கள்,
ஆறுகாணி மேட்டில் பால்வெட்டு.
ஓமனா, தாசம்மை, லில்லிபாய்,
இரண்டு சுசீலா,
வாயே திறக்காத றோசிலி.
கத்தி, வாளி, கட்டஞ்சாயா பிளாஸ்க்.
ஆறு நெற்றியிலும் பட்டை போட்ட சார்ஜ் லைட்
வெள்ளை வெளேரென்று.
என் ஹெட்லைட்டோ
ரேஷன் பாமாயில் நிறத்தில்
ரோட்டில் வழிந்துகொண்டிருக்கும்.

கார்த்திகையில் ஒரு நாள் ஃபியூஸ் போயிற்று.
ரோடு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.
"ஆரும் எறங்காண்டாம்" என்றாள் ஓமனா.
லில்லிபாய் இடப்பக்கம் தலையை நீட்டினாள்.
என் தோளுக்கு மேலே தாசம்மை.
அவர்கள் பார்த்த பக்கம் ரோடு வந்தது.
லில்லிபாய் தும்மினால்
வளைவும் சேர்ந்து தும்மியது.
இரண்டு மைல், முதல் கியர்.

இறங்கும்போது றோசிலி சொன்னாள்,
அதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு:
"வெட்டுக்குப் போறது நாங்க.
வெட்டம் நீரில்லா கொண்டு வரணும்?"

மார்த்தாண்டம், பாலத்துக்கு அடியில் ஷிபின் கடை.
எல்.இ.டி. ஜோடி ஆயிரத்து அறுநூறு.
பல்பின் வாலில் குட்டியாய் ஒரு ஃபேன்.
பழைய ரப்பர் மூடி அதன்மேல் உட்காராமல்
பிளேடால் வட்டமாக அறுத்தான்.
"வாட்டு பாதி, வெட்டம் மூணு மடங்கு."
ஆம்பியர் முள் அசையவில்லை.
காரணமில்லாமல் ஹாரனை அமுக்கினேன்.
விளக்கு மங்கவில்லை.
மறுபடி அமுக்கினேன்.
எதிர் பேக்கரியில் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று ராத்திரி
இருபது வருஷம் ஓட்டிய ரோட்டைப் பார்த்தேன்.
மைல்கல்லில் பாதி எண்.
கைதச்சக்கைச் செடியின் ஒவ்வொரு முள்ளும்.
இடப்பக்கத்துப் பள்ளம்
இவ்வளவு கிட்டவா இருந்தது?
தெரியாததால்தான் இத்தனை நாள்
பாட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஆலஞ்சோலை இறக்கத்தில் எதிரே
கேன் கட்டிய பைக்.
காலை ஊன்றி, முகத்துக்குக் குறுக்கே முழங்கை.
டிம் போட்டேன்.
அதுதான் டிம் என்பது
அவனுக்குத் தெரிய வழியில்லை.
"கண்ணு அவிஞ்சு போச்சேடே, பாவி!"
கேன் சரிந்து தார்மேல் பால் ஓடியது,
என் புது வெளிச்சத்தில்
கூசக் கூச வெள்ளையாய்.
ஓமனா இறங்கிப் போய் காசு கொடுத்தாள்,
என் சட்டைப்பையிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து, இருட்டியபின்
புகைப்புரைச் சுவருக்கு இருபத்தைந்து அடி தள்ளி
ஜீப்பை நிறுத்தினேன்.
ஷிபின் போனில்:
"சில்லு ரெண்டும் மூணு மணிக்கும் ஒம்பது மணிக்கும்
பாத்து நிக்கணும் அண்ணா."
அவன் மாட்டியது ஆறுக்கும் பன்னிரண்டுக்கும்.
அதைச் சொன்னேன்.
போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
துருப்பிடித்த திருகாணிக்குத் தேங்காயெண்ணெய்.
சுவரில் கோடு எங்கே போட?
றோசிலி ஸ்டூலைச் சுவரோரம் இழுத்துப்போட்டு
பைக்கில் இருப்பதுபோல் கால் அகற்றி உட்கார்ந்தாள்.
அவள் கழுத்துக்குக் கீழே கரித்துண்டால் இழுத்தேன்.
வெளிச்சம் இறங்கி இறங்கி
கண்ணை விட்டது,
தாடையை விட்டது,
கோட்டில் வந்து நின்றது.
"கொள்ளாம்" என்றாள் பால்காரி.

எடவப்பாதியில் மஞ்சு இறங்கியபோது
அந்த வெள்ளையெல்லாம் திரும்பி எங்கள்மேலேயே விழுந்தது.
பாமாயில் பல்பு இரண்டும்
டேஷ்போர்டில் தினத்தாளில் சுற்றியபடி இருக்கின்றன.
மஞ்சள் ஃபாக் லைட் எண்ணூறு என்கிறான் ஷிபின்.
பார்ப்போம்.

எஸ்டேட் கேட்டில் விளக்கை அணைக்கிறேன்.
மழைக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டிய மரங்களுக்குள்
ஆறு நெற்றிகள் பிரிந்து போகின்றன.
எது றோசிலி என்று தெரியும்.
ஒவ்வொரு மரத்திலும்
ஒரு நொடி கூடுதலாய் நிற்கிற வெட்டம்.